மைதானம் இருக்கிறது, சாம்பியன் இல்லை: கோவை நேரு ஸ்டேடியத்தில் நடந்தது என்ன?

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோவை ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. சென்னை சிட்டி எஃப்சி இந்த ஆட்டத்தை ஜெயித்தால் ஐ-லீக் கோப்பை கையில். சறுக்கினால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போய்விடும். இரண்டு அணிகளுக்கும் நடுவே ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம்.

இடைவேளை வரை 0-1. இரண்டாவது பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் டிஃபெண்டர் கௌரவ் போரா இரண்டு கோல். 3-1 என்று ஆட்டம் முடிந்தது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்தது, ஆனால் பிரயோஜனம் இல்லை. சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டு கிளப் என்ற பெயர் சென்னை சிட்டிக்கு.

இப்போது கட் பண்ணி 2021-22 பருவத்துக்கு வாருங்கள். அந்த ஆண்டின் ஐ-லீக் அணிகள் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. கோப்பையை வென்று முழுசாக மூன்று வருடம்கூட ஆகவில்லை. ஸ்டேடியம் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. டிராக்கில் தடகள வீரர்கள் ஓடுகிறார்கள், கேலரிக்குக் கீழே கடைகள் எப்போதும்போல நடக்கின்றன.

இதை ஏன் இப்போது பேச வேண்டும்? 2025 ஜூலையில் ஐஎஸ்எல் தொடரே காலவரையின்றி நிறுத்திவைக்கப்பட்டது. அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பும் லீக்கை நடத்தும் நிறுவனமும் 2010-ல் போட்ட 15 வருட ஒப்பந்தம் முடியப்போகிறது, அடுத்து என்ன என்று தெளிவில்லை என்பதுதான் காரணம். அடுத்த மாதமே பெங்களூரு எஃப்சி சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்சியும் தன் செயல்பாடுகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டு முறை ஐஎஸ்எல் பட்டம் வென்ற கிளப்புக்கே இந்த நிலைமை என்றால், இந்திய கால்பந்து கிளப்பிடம் உண்மையில் சொந்தமாக என்னதான் இருக்கிறது என்ற கேள்வி வருகிறது. அதற்கு கோவை ஒரு நல்ல பாடம்.

சென்னை கிளப்புக்கு கோவையில் என்ன வேலை?

சென்னை சிட்டியின் வேர் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப். 1946-ல் சென்னையில் தொடங்கப்பட்டது. பல பத்தாண்டுகள் உள்ளூர் லீக்கில் ஆடிய, நகரத்துக்கு வெளியே பெரிதாக யாருக்கும் தெரியாத அணி. 2016-17 பருவத்துக்கு ஐ-லீக்கில் நேரடி நுழைவு கிடைத்த இரண்டு கிளப்களில் இது ஒன்று, இன்னொன்று மினர்வா பஞ்சாப். அந்த முதல் பருவத்தில் அணியின் ஹோம் கிரவுண்ட் சென்னை பெரியமேட்டில் இருக்கும் நேரு ஸ்டேடியம்தான்.

அந்த ஸ்டேடியத்துக்கே தனியாக ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் அது கார்ப்பரேஷன் ஸ்டேடியம், அங்கே டெஸ்ட் கிரிக்கெட் நடந்தது. 1956-ல் வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது சேப்பாக்கத்தில் இல்லை, இங்கேதான். பிறகு 1993-ல் நேரு கோப்பை கால்பந்துக்காக இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். 2014-ல் ஐஎஸ்எல் வந்ததும் அது சென்னையின் எஃப்சியின் வீடாகிவிட்டது.

2017-18-ல் இந்திய கால்பந்தில் ஒரு விசித்திரம். ஐஎஸ்எல், ஐ-லீக் இரண்டும் முதன்முறையாக ஒரே மாதங்களில் பக்கத்துப் பக்கத்தில் ஓடத் தொடங்கின. அதே பருவத்தில் சென்னை சிட்டி சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி கோவைக்கு மாறியது. பெயர் மட்டும் மாறவில்லை, சென்னை சிட்டியாகவே இருந்தது. சென்னை என்ற பெயரில் ஒரு அணி, கோவையில் ஹோம் மேட்ச். வெளிநாட்டு ரசிகரிடம் சொன்னால் நம்ப மாட்டார்.

ஆனால் கோவைக்கு இது லாபம். கால்பந்து அந்த ஊருக்குப் புதுசு இல்லை. 1992 சந்தோஷ் டிராபி கோவையில்தான் நடந்தது. வி.பி.சத்யன் தலைமையில் கேரளா, இறுதிப் போட்டியில் கோவாவை 3-0 என்று வீழ்த்தியது. பாலக்காடு எல்லை பக்கத்திலேயே இருப்பதால் கேரளத்தின் கால்பந்துக் காற்று வாளையாறைத் தாண்டி வர அதிக நேரம் ஆகாது. அப்படிப்பட்ட ஊருக்கு முதன்முறையாகத் தேசிய லீக்கில் ஆடும் ஒரு அணி கிடைத்தது.

கோவைக்கு வந்த முதல் பருவத்தில் அணி பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் முடித்தது. அடுத்த பருவத்தில் சிங்கப்பூர் கோச் அக்பர் நவாஸ், ஸ்பெயினிலிருந்து வந்த மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ என்று வேறு அணியாக மாறியிருந்தது. மான்சி அந்த ஒரே பருவத்தில் அடித்தது 21 கோல், சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவோடு சேர்ந்து லீக்கின் முதலிடம். இதற்கு நடுவே 2019 ஜனவரியில் ஸ்விட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கிளப்பின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. சின்ன கிளப் ஒன்று பெரிசாகப் போகிறது என்று எல்லோரும் நம்பிய நேரம் அது.

பெரிசாகாமல் போனது எங்கே?

முதல் அடி, மேலே போக வழியே இல்லை. உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் இரண்டாம் நிலை லீக்கை ஜெயித்தால் முதல் நிலைக்குப் போவீர்கள். 2019-ல் இந்தியாவில் எந்த லீக் எந்த நிலை என்பதே சண்டையாக இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஆசிய கால்பந்து கூட்டமைப்பு ஒரு பாதை வரைபடத்தை ஏற்றது: ஐஎஸ்எல்தான் முதல் நிலை, ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே போகும் கதவு 2022-23-ல் திறக்கும். அந்தக் கதவு வழியாக முதலில் உள்ளே போனது பஞ்சாப் எஃப்சி, அதாவது கோவையில் அன்று தோற்ற அதே மினர்வாவின் வாரிசு. அதற்கடுத்த வருடம் முகமடன் ஸ்போர்ட்டிங். சென்னை சிட்டி ஜெயித்தபோது இந்தக் கதவு இல்லை.

கோப்பைக்குக் கிடைத்த பரிசு ஆசியப் போட்டிகளில் ஒரு வாய்ப்பு. 2020 ஜனவரியில் ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றது. பிறகு மார்ச்சில் ஏஎஃப்சி கப்பில் மாலத்தீவின் மாசியாவோடு ஒரு ஹோம் மேட்ச். இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்த ‘ஹோம்’ மேட்ச் நடந்தது சென்னையிலும் இல்லை, கோவையிலும் இல்லை. குஜராத்தின் ஆமதாபாத்தில்!

சில நாட்களில் கொரோனா. ஐ-லீக் பாதியில் நின்றது, ஏஎஃப்சி கப்பை ரத்து செய்தார்கள். 2020-21 ஐ-லீக் முழுவதும் மேற்கு வங்கத்தில் ரசிகர்கள் இல்லாமல் நடந்தது. அதற்கடுத்த பருவத்தில் சென்னை சிட்டி இல்லை.

கிளப் போனாலும் ஆட்டக்காரர்கள் காணாமல் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோவையில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்கும், எட்வின் வான்ஸ்பால் சென்னையின் எஃப்சிக்கும், அஜித் குமார் பெங்களூருக்கும் போனார்கள். தமிழ்நாட்டுப் பசங்களுக்குப் பெரிய லீக்குக்கு ஏற ஒரு படிக்கட்டாக இந்தக் கிளப் இருந்தது. அந்தப் படி இப்போது இல்லை, அவ்வளவுதான்.

ஹோம் கிரவுண்ட் என்றால் யாருடைய ஹோம்?

சிம்பிளாகச் சொன்னால், இந்தியாவில் பெரும்பாலான கிளப்களுக்கு மைதானம் வாடகை வீடு. ஸ்டேடியம் அரசுடையதாகவோ மாநகராட்சியுடையதாகவோ இருக்கும். கிளப் ஒப்பந்தம் போட்டு ஆட்ட நாட்களில் பயன்படுத்திக்கொள்ளும். ஆசிய கால்பந்து கூட்டமைப்பின் கிளப் உரிம விதிகளும் இதற்கு இடம் கொடுக்கின்றன. ஸ்டேடியம் சொந்தமாக இருக்க வேண்டும், அல்லது உரிமையாளரோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்க வேண்டும், இரண்டில் ஒன்று போதும்.

வாடகை வீட்டில் தப்பில்லை. பிரச்சினை, அந்த வீடு கால்பந்துக்காகக் கட்டியது இல்லை. கோவை நேரு ஸ்டேடியம் ஒரு பல்நோக்கு அரங்கம், ஆடுகளத்தைச் சுற்றி 400 மீட்டர் சிந்தடிக் டிராக் இருக்கிறது. கணக்கு போட்டுப் பார்க்கலாம். எட்டு லேன் கொண்ட வழக்கமான டிராக்கின் உள்ளே 105 மீட்டர் நீள ஆடுகளத்தை வைத்தால், கோல் லைனுக்கும் டிராக்கின் வெளி ஓரத்துக்கும் நடுவே சுமார் 35 மீட்டர் இடைவெளி விழும். கேலரி அதற்கும் பின்னால்தான். கோல் போஸ்ட்டுக்குப் பின்னாலிருந்து கத்தும் ரசிகனின் குரல் கோல்கீப்பருக்குக் கேட்க வேண்டும் என்றால் மைக்தான் வைக்க வேண்டும். டிவியில் இங்கிலீஷ் லீக் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இது என்ன அனுபவம் என்று சொல்லத் தேவையில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், அதே இடத்துக்கு உரிமை கொண்டாடும் மற்றவர்கள். காலையில் ஓட வரும் தடகள மாணவிக்கும் அது அவளுடைய மைதானம்தான். ஈட்டி, சங்கிலிக் குண்டு எறிபவர்களுக்குப் புல்தரை வேண்டும், அதே புல்தரை கால்பந்துக்கு மேடுபள்ளம் இல்லாமல் வேண்டும். பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியத்தில் இந்த மோதல் கோர்ட்டுக்கே போனது. தடகளப் பயிற்சியாளர்கள் ஒரு பக்கம், பெங்களூரு எஃப்சி இன்னொரு பக்கம். 2019-ல் அந்தக் கிளப் ஹோம் மேட்ச்களைப் புனேவுக்கு மாற்றப்போவதாகவே அறிவித்துவிட்டு, கடைசியில் அனுமதி கிடைத்து ஊரிலேயே தங்கியது. யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், வரிப்பணத்தில் கட்டிய டிராக்கில் ஓட வருபவரை வெளியே நிறுத்துவதற்கு ஒரு தனியார் கிளப்புக்கு எளிதாக உரிமை கொடுத்துவிட முடியாது. அதே சமயம் நாளைக்கு மைதானம் கிடைக்குமா என்று தெரியாத கிளப், புல்தரைக்கோ இருக்கைக்கோ பணம் போடவும் போடாது.

கோவையில் சென்னை சிட்டி விட்டுச்சென்றது என்ன என்று தேடினால், பார்வைக்குக் கிடைக்கிற மாதிரி எதுவும் இல்லாததற்குக் காரணம் இதுதான். கோப்பை, வீரர் ஒப்பந்தங்கள், லீக்கில் ஒரு இடம் ஆகியவையே ஒரு கிளப்பின் சொத்து. மூன்றும் ஒரு பருவத்தில் கரைந்துவிடக்கூடியவை. இந்திய கால்பந்தில் இதற்கு முன்னுதாரணமும் உண்டு. முதல் தேசிய லீக்கை 1997-ல் வென்ற பஞ்சாபின் ஜேசிடி 2011-ல் மூடப்பட்டது. 2006 சாம்பியன் மஹிந்திரா யுனைடெட் 2010-ல் மூடப்பட்டது. இரண்டுமே பெரிய கம்பெனிகளின் அணிகள். கம்பெனிக்குப் போதும் என்று தோன்றிய நாளில் கிளப்பும் முடிந்தது.

சொந்த மைதானம் இருந்தால் தப்பித்துவிடலாமா?

இங்கே லண்டனின் விம்பிள்டனைப் பார்க்க வேண்டும். டென்னிஸ் இல்லை, கால்பந்து. விம்பிள்டன் எஃப்சி ஒரு சின்ன கிளப். பிளவ் லேன் என்ற மைதானத்தில் 1912 முதல் ஆடியது. 1977 வரை தேசிய லீக்கிலேயே இல்லாத அணி, 1988 எஃப்ஏ கப் இறுதியில் லிவர்பூலை 1-0 என்று கவிழ்த்தது. சென்னை சிட்டி மாதிரியே, யாரும் எதிர்பார்க்காத சாம்பியன்.

அடுத்த ஆண்டு ஹில்ஸ்பரோ விபத்து. அதன் பிறகு வந்த டெய்லர் அறிக்கை, மேல்நிலை லீக் ஸ்டேடியங்களில் எல்லோருக்கும் இருக்கை கட்டாயம் என்றது. பிளவ் லேன் பழையது, நின்றபடி பார்க்கும் கேலரிகள் கொண்டது. அதைச் சீரமைக்காமல் 1991-ல் கிரிஸ்டல் பேலஸின் மைதானத்துக்கு வாடகைக்குக் குடிபோனார்கள். பிளவ் லேன் நிலத்தை விளையாட்டுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று உள்ளூர் கவுன்சில் வைத்திருந்த நிபந்தனையை, கிளப் உரிமையாளர் பணம் கொடுத்து நீக்கிக்கொண்டார். 1998-ல் நிலம் ஒரு சூப்பர்மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இன்று அங்கே இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு.

வீடில்லாத கிளப் வேறு ஊர் தேடியது. 2002 மே 28-ல் மூன்று பேர் குழு, 2-1 என்ற கணக்கில், சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருந்த மில்டன் கீன்ஸுக்குப் போக அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். நம்ம சென்னை சிட்டி 500 கிலோமீட்டர் போனபோது இங்கே ஒரு ட்வீட் சண்டைகூட பெரிதாக நடந்ததாகத் தெரியவில்லை, அது வேறு விஷயம்.

கொதித்த ரசிகர்கள் அதோடு நிற்கவில்லை. அதே கோடையில் ஏஎஃப்சி விம்பிள்டன் என்று சொந்தமாகக் கிளப் தொடங்கி, பொதுவெளியில் தேர்வு முகாம் நடத்தி வீரர்களைப் பிடித்து, ஒன்பதாவது நிலை லீக்கிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒன்பது வருடத்தில் தேசிய லீக்குக்குத் திரும்பினார்கள். 2020 நவம்பர் 3-ல் பழைய மைதானத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் புதிய பிளவ் லேன் திறக்கப்பட்டது. கொரோனாவால் முதல் ஆட்டத்தைப் பார்க்க ரசிகர்களுக்கு அனுமதி இல்லை என்பது சோகமான காமெடி.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். விம்பிள்டனில் மைதானம் தனியாரிடம் இருந்ததால் விற்கப்பட்டது, ஆனால் கிளப்பைக் காப்பாற்ற ஊர் இருந்தது. கோவையில் மைதானம் பொதுச் சொத்து, அதை யாரும் அப்பார்ட்மென்ட் ஆக்கவில்லை. காப்பாற்ற வேண்டிய நேரத்தில் கிளப்புக்குத்தான் ஒரு ஊர் இல்லை. சென்னை அதைத் தன்னுடையது என்று நினைப்பதற்குள் அது கிளம்பிவிட்டது. கோவை தன்னுடையது என்று நினைப்பதற்குப் பெயரே தடையாக இருந்தது. கிடைத்ததும் மூன்று பருவம்தான்.

நம்ம ஊரில் ஒரு கிளப் தொடங்கினால்?

கோவை பெரிய நகரம். இதே கேள்வியைத் திருவண்ணாமலை வேங்கிக்காலில் கேட்டுப் பார்க்கலாம். கலெக்டர் ஆபீஸ் இருக்கும் பகுதி, வேலூர் ரோட்டில் மனைகள் விலை ஏறிக்கொண்டே போகிற இடம். பத்துப் பதினைந்து பசங்க சேர்ந்து ஒரு கால்பந்து கிளப் தொடங்க நினைத்தால், காகித வேலை கஷ்டமில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவு செய்யலாம், மாவட்டக் கால்பந்து சங்கத்தில் சேரலாம், லீக்கில் ஆடலாம். மாட்டிக்கொள்வது மைதானத்தில்தான். மனை விலையில் ஒரு ஆடுகளத்துக்கான நிலம் வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. அரசு அரங்கம், பள்ளி அல்லது கல்லூரி மைதானம், இவற்றில் ஒன்றைத்தான் கேட்டு நிற்க வேண்டும்.

ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று மாநில அரசு அறிவித்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அரங்கம் கட்டுவதற்கான பணம் பற்றிப் பேசும் அளவுக்கு, கட்டிய பிறகு யாருக்கு எத்தனை மணிநேரம், எத்தனை வருடத்துக்கு என்ற பேச்சு நடப்பதில்லை. உள்ளூர் கிளப்புக்கு ஐந்து அல்லது பத்து வருட பயன்பாட்டு ஒப்பந்தம், தடகளத்துக்கும் நடைப்பயிற்சிக்கும் எழுதிவைத்த நேரம், பராமரிப்பில் கிளப்புக்கும் ஒரு பங்கு என்று கொடுப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு அரசாணை போதும். அப்படி ஒரு ஒப்பந்தம் இருந்திருந்தால் சென்னை சிட்டி பிழைத்திருக்குமா என்றால், அதுவும் நிச்சயமில்லை. அதன் சிக்கல்கள் மைதானத்தோடு முடிந்துவிடவில்லை. ஆனால் கிளப் மூச்சுத்திணறியபோது, ‘இது எங்க ஊர் டீம்’ என்று கேட்டு வருவதற்குக் கோவையில் ஒரு கூட்டம் உருவாகியிருக்க நேரம் கிடைத்திருக்கும்.

2017-ல் ஐசால், 2018-ல் மினர்வா, 2019-ல் சென்னை சிட்டி. அடுத்தடுத்து மூன்று வருடம் ஐ-லீக்கை ஜெயித்தவை எல்லாமே சின்ன கிளப்கள். மினர்வா வேறு பெயரில் ஐஎஸ்எல் போய்விட்டது. மிசோரமின் ஐசால் அதே பெயரில், அதே ஊரில் கிளப்பாக நிலைத்திருக்கிறது. அங்கேயும் ஸ்டேடியம் அரசுடையதுதான்.